இரண்டாம் வருஷத்து விதை

ஒரு புதிய சிறுதானிய விதை ரகத்தைக் கொல்லிமலைக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. காரவள்ளி அடிவாரத்தில் பிக்கப் வண்டியில் மூட்டைகளை ஏற்றினால், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மத்தியானத்துக்குள் செம்மேட்டில் இறக்கிவிடலாம். ஊர்க்கூட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு பை கொடுத்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டால் அன்றைய வேலை முடிந்தது. மழை கைகொடுத்தால் விளையும். வயல்விழா நடக்கும், படம் எடுப்பார்கள், அறிக்கையில் இத்தனை ஏக்கரில் புதிய ரகம் என்று ஒரு வரி ஏறும்.

நான் பார்க்கிற கணக்கு வேறு. அடுத்த வருஷம் வைகாசியில், யாரும் மூட்டை கொண்டுவராதபோது, அந்த விதை யார் வீட்டில் இருக்கிறது? அடுப்புக்கு மேலே தொங்கும் சுரைக்குடுக்கையிலோ, சாம்பல் போட்டு வாய் கட்டிய மண்பானையிலோ அது இருந்தால், அந்த ரகம் மலைக்கு வந்துவிட்டது. இல்லையென்றால் வரவில்லை, வந்துவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் ராசிபுரம் பக்கத்துக்காரன். கொல்லிமலையைக் கீழே இருந்து பார்த்தே வளர்ந்தவன். பிறகு ஒரு சிறிய அமைப்பின் களப்பணியாளனாகச் சாமை, கேழ்வரகு, தினை, மொச்சை, துவரை விதைகளோடு அந்த மலையில் பல பருவங்கள் வேலை செய்தேன். நல்ல விதை மலை விவசாயிக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எது நல்ல விதை, அது எப்படித் தங்கும் என்பதைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

மலையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. கொல்லிமலையின் மேல்தளம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு என்று ஊர்கள் 'நாடு' எனப்படும் தொகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. பள்ளத்தில் நெல், மேட்டுக்கொல்லையில் சிறுதானியம், வீட்டைச் சுற்றி வாழையும் பலாவும், மிளகு, காபி. நிலம் பெரும்பாலும் ஒன்று, இரண்டு ஏக்கர்.

அந்த மேட்டுக்கொல்லைகளில் இன்றைக்குப் போய் நின்றால் கண்ணில் படுவது மரவள்ளிதான். சிறுதானியம் சுருங்கியதற்கு மூன்று காரணங்கள், முதலாவது இந்த மரவள்ளி. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகிறது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு அந்தத் தொழில் இன்னும் காலூன்றியது. வியாபாரி லாரியோடு கொல்லைக்கே வந்து, முன்பணமும் கொடுக்கிறான். இரண்டாவது, ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது, 2011இல் இருந்து காசில்லாமலே கிடைக்கிறது. மூன்றாவது காரணம் உரல். சாமையின் உமி லேசில் விடாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணின் பாதி நாள் போகும்.

சிறுதானியப் பரப்பு சுருங்கியதற்குப் பழைய ரகங்களின் விளைச்சல் குறைவுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். மேலே சொன்ன மூன்றில் எதுவும் விளைச்சல் சம்பந்தப்பட்டது இல்லை. சாமை ஒன்றரை மடங்கு விளைந்தால் ஒன்றரை மடங்கு குத்த வேண்டும், அதைக் குத்தப்போகிறவளுக்கு அதில் என்ன சந்தோஷம்? இதைப் புரிந்துகொள்ளாமல் விதைப் பையைத் தூக்கிக்கொண்டு போனால் வயல்விழாவோடு கதை முடிந்துவிடும்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இருந்து இந்த மலையில் வேலை செய்கிறது. விதை வங்கிகள் அமைத்தார்கள், நாட்டு ரகங்களைப் பதிவுசெய்தார்கள். இவற்றோடு, ஊர்களுக்குள் உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்ததுதான் என் பார்வையில் பெரிய விஷயம். அந்த இயந்திரம் வந்த ஊரில் விதையைப் பற்றிய பேச்சே மாறிவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். உரலில் குத்தும் வரை தானியம் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்தால் பரவாயில்லை, கை அதற்கேற்றபடி குத்தும், முறம் பிரித்துக்கொடுக்கும். இயந்திரத்துக்கு அந்தப் பக்குவம் கிடையாது. பெரிய மணிக்கு ஏற்றபடி வைத்தால் சிறியது உமியோடு வந்துவிழும். சிறியதற்கு ஏற்றபடி வைத்தால் பெரியது நொய்யாகும். வருஷக்கணக்கில் கலந்துபோன சாமையை மில்லுக்குக் கொண்டுவந்த பெண்கள், உமி நீங்காத மணிகள் கல்லுப்போலக் கிடக்கும் அரிசியை வீட்டில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஒரே அளவாக மணி பிடிக்கும் புது ரகத்தைப் போட்டவர்களுக்கு அந்தப் பொறுக்குகிற வேலை பாதியாகக் குறைந்தது. அப்போதுதான் "அந்தச் சாமை வெதை கொஞ்சம் கெடைக்குமா" என்ற கேள்வி வந்தது. நாங்கள் விளைச்சலைச் சொல்லிச் சொல்லி வராத கேள்வி அது.

இனி ரகங்களுக்கு வருகிறேன். கொல்லிமலையில் சாமை என்று ஒரே ஒரு சாமை கிடையாது. வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை, சிட்டஞ்சாமை, மல்லியச்சாமை, திரிகுலச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று வரிசை உண்டு. பெருஞ்சாமை நீண்ட நாள் பயிர், ஆள் இடுப்பைத் தாண்டி வளரும். சிட்டஞ்சாமை சீக்கிரம் வரும். கேழ்வரகிலும் தினையிலும் இதேபோல ஒரு பட்டியல் இருக்கிறது. இவற்றுக்குப் பக்கத்தில் பல்கலைக்கழக ரகங்களை வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ வரிசை, பையூர் வரிசை, அப்புறம் திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் இருக்கும் சிறுதானிய மகத்துவ மையத்தின் ஏடிஎல் வரிசை. ஏடிஎல் 1 சாமை 2019இல் வெளியானது, 85 முதல் 90 நாளில் அறுப்புக்கு வரும்.

இந்த 85, 90 நாள் என்பது சமவெளியில் பெரிய வரம். மலையில் அது என்ன செய்தது என்று பார்த்தேன். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது கீழ்நாட்டுக் கணக்கு. மேலே வைகாசிக் கடைசியிலேயே ஏர் பூட்டி, ஆனி பிறந்ததும் சாமையைத் தூவிவிடுவார்கள். புது விதையையும் அதே நாளில் தூவினார்கள். ஏன் தூவ மாட்டார்கள்? பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லாம் உழும்போது, மழை ஈரம் இருக்கும்போது, இந்தப் பையை மட்டும் தனியாக எடுத்துவைக்க யாருக்கும் தோன்றாது. பயிர் நன்றாக வந்தது. ஆவணி முடியும்போது கதிர் முற்றிவிட்டது. அப்போது மலையில் மழை அடைத்துக்கொண்டு நிற்கிற நேரம். அறுத்துப் போட வெயில் இல்லை, பாறைக்களம் காயவில்லை. தாளிலேயே மணி முளைவிட்டது. பக்கத்தில் பெருஞ்சாமை பச்சைப்பசேலென்று நின்றுகொண்டிருந்தது, மழை ஓய்ந்த பிறகு நிதானமாக முற்றுவதற்கு.

அதே சமயத்தில் குருவிகள். மலை முழுக்கக் கதிர் பச்சையாக இருக்கும்போது ஒரே ஒரு கொல்லை மட்டும் பழுத்து நின்றால், சுற்றுவட்டாரத்துத் தினைக்குருவியும் கிளியும் சிட்டும் அங்கேதான் வரும். எல்லார் கொல்லையும் ஒன்றாகப் பழுக்கும்போது ஆளுக்குக் கொஞ்சம் போகும், தனியாகப் பழுத்தவன் எல்லார் பங்கையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் பயிருக்கு வலை போட முடியும். இரண்டு ஏக்கர்க்காரர் வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பரணில் உட்காரவைக்க வேண்டும்.

அந்தப் பருவம் முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க குடுத்த சாமை நல்லாத்தான் வெளையுது தம்பி. ஆனா இந்த மழைக்கும் அதுக்கும் ஒத்துவரலை."

இதோடு அந்த ரகம் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். ஒரு வீட்டில் மட்டும் போகவில்லை. அந்த அக்கா மூன்று படி விதையைச் சாம்பல் கலந்து எடுத்துவைத்திருந்தார். ஏன் என்று கேட்டபோது காரணம் சொல்லவில்லை, "கெடக்கட்டும்" என்றார். அடுத்த வருஷம் ஆனி மழை ஏமாற்றிவிட்டது. தூவிய பெருஞ்சாமை முளைத்து, மூன்று இலையில் காய்ந்தது. ஆடி முடிந்து நல்ல மழை வந்தபோது பெருஞ்சாமையை மறுபடி விதைக்க நாள் போதாது, விதைத்தால் பனியில் போய் மாட்டும். அந்த அக்கா குடுக்கையை இறக்கினார். ஆவணியில் தூவினார். கார்த்திகைக் கடைசியில், மழை விட்டு வெயில் காயும் நேரத்தில், சுத்தமாக அறுத்துக் களத்தில் போட்டார். அந்த வருஷம் அவர் தெருவில் சாமை கண்ட வீடு அது ஒன்றுதான்.

இப்போது அந்த ஊரில் பல வீடுகளில் இரண்டு சாமையும் இருக்கின்றன. முதல் மழைக்குப் பெருஞ்சாமை. அது தவறினால் புதியது. பழையதைத் துரத்திவிட்டுப் புதியது வரவில்லை, பழையது செய்யாத ஒரு வேலையைச் செய்வதற்காக வந்து தங்கியிருக்கிறது. ஆனால் அரசாங்கப் படிவத்தில் இதை எழுத இடமே இல்லை. நாட்டு ரகம் எத்தனை ஏக்கர், உயர் விளைச்சல் ரகம் எத்தனை ஏக்கர் என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. மழை தவறினால் மட்டும் வெளியே எடுக்க ஒரு ரகம் குடுக்கையில் காத்திருக்கிறது என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது? அந்த மூன்று படிதான் ஒரு குடும்பத்தின் அந்த வருஷத்துச் சாப்பாடு.

பயறு வகைகளின் கதை இன்னும் சிக்கலானது. கேழ்வரகுக் கொல்லையில் சால் விட்டு மொச்சை, அவரை, துவரை போடுவது இந்த மலைகளில் எல்லாம் உள்ள வழக்கம். நாட்டு மொச்சைக்கு ஒரு குணம் உண்டு. ஆனியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும், பகல் குறுகிப் பனி இறங்கும்போதுதான் பூக்கும். கேழ்வரகை அறுத்த பிறகு தட்டின்மேல் ஏறிப் படர்ந்து நிலத்தையே மூடிக்கொள்ளும். தைப்பொங்கலுக்குப் பச்சைக்காய், மாசியில் காய்ந்த பருப்பு. பொங்கல் அன்றைக்கு மொச்சைக் குழம்பு இல்லாத வீடு இங்கே கிடையாது.

பகல் நீளத்தைப் பார்க்காமல் எந்தப் பருவத்திலும் பூக்கிற ரகங்களை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள், கோ 2 மொச்சை அப்படிப்பட்டது. சமவெளியில், தண்ணீர் வசதி உள்ள இடத்தில், வருஷம் முழுக்கக் காய் பறிக்க அருமையான ரகம். கேழ்வரகோடு போட்டபோது அது குத்துச்செடியாகக் கேழ்வரகின் நிழலிலேயே நின்றது. மழையில் பூத்தது, பூ உதிர்ந்தது. தப்பிய காய்கள் முற்றும்போதும் ஈரம் விடவில்லை. பறித்து வீட்டுக்குள் பரப்பிக் காயவைத்தார்கள். சரியாகக் காயாத பருப்பை வண்டு விடுமா? தை பிறப்பதற்குள் சாக்கைத் திறந்தால் மாவுதான் கொட்டியது. சாப்பிடக் கொஞ்சம் கிடைத்தது. விதைக்கு ஒன்றும் இல்லை.

நாட்டு மொச்சை காய்வது மாசி வெயிலில். அதற்கும் மேலே, பெண்கள் அதற்குச் செம்மண் கட்டுவார்கள். சலித்த செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்து, விதையை அதில் புரட்டி, பாறைமேல் பரப்பி, கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவிடுவார்கள். மண் ஒரு மெல்லிய ஓடுபோலப் பிடித்துக்கொள்ளும். வண்டு முட்டை வைக்க வந்தால் அந்த மண் தடுக்கிறது. துவரைக்கும் இதேதான். அடுத்த பருவம் வரை ஓட்டை விழாமல் இருக்கும்.

அதனால் பயறு வகையில் நாங்கள் வெளியில் இருந்து ரகம் கொண்டுவருவதைக் குறைத்தோம். அதற்குப் பதிலாக, அவர்களுடைய மொச்சையிலேயே நல்ல கொடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்து, அந்தக் காயை மட்டும் விதைக்கு விட்டோம். மஞ்சள் தேமல் விழுந்த கொடி, காய் சுருங்கிய கொடி எல்லாம் முதலிலேயே கழிந்தது. விதைக்கும்போது ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் (வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) பாக்கெட்டைக் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்திப் போட்டார்கள். இதுவும் மேம்படுத்திய விதைதான். மேம்பாடு என்றால் கண்டிப்பாக ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

இப்படிச் சொல்வதால் ஆராய்ச்சி நிலையங்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் இலட்சுமய்யா என்ற பயிர்ப் பெருக்க வல்லுநர் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்து உருவாக்கிய இன்டாஃப் ரகங்கள் 1970களில் அந்த மாநிலத்தின் கேழ்வரகு விளைச்சலையே தூக்கி நிறுத்தின. பிறகு பெங்களூரில் இருந்து 1990களில் வந்த ஜிபியு 28, குலைநோயைத் தாங்கி நின்றது. குலைநோய் கழுத்தில் விழுந்த கேழ்வரகுக் கொல்லையைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ரகத்தின் அருமை தெரியும். கதிர் தலை நிமிர்ந்து வெளுத்திருக்கும், தூக்கிப் பார்த்தால் உள்ளே மணி இருக்காது. இதற்கு நாட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. மருந்து அடிக்காமல் தப்ப வேண்டுமென்றால் எதிர்ப்புச் சக்தி விதையிலேயே இருக்க வேண்டும், அதை விதைக்குள் கொண்டுவர இப்படிப்பட்ட வல்லுநர்கள் வேண்டும்.

கேழ்வரகின் பூர்வீகமே எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டுநிலங்கள்தான். நான் மிகவும் மதிக்கிற ஒரு வேலையும் எத்தியோப்பிய மேட்டுநிலத்தில்தான் நடந்தது. அங்கே இரண்டு இடங்களில், இடத்துக்கு 30 விவசாயிகளாக 60 பேரை, 400 வகைக் கோதுமை நின்ற வயலுக்குள் அழைத்துப்போய் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பெரும்பாலானவை மரபணு வங்கியில் கிடந்த நாட்டுக் கோதுமைகள். சீக்கிரம் வருகிறதா, கதிர் எப்படி, தூர் எப்படி, மொத்தத்தில் எப்படி என்று நான்கு கேள்விகள். 192,000 மதிப்பெண்கள் சேர்ந்தன. ஆண்டாண்டாக ஆராய்ச்சியாளர்கள் அளவுகோலால் அளந்து வந்ததை, விவசாயி கண்ணால் பார்த்துச் சொல்வதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த வேலை அது.

இதே வழியில் இன்னொரு முறையும் பரவியது. ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றே மூன்று சிறு பொட்டலம். பெயர் இருக்காது. மூன்றில் எது நல்லது, எது மோசம் என்று மட்டும் அவர் சொன்னால் போதும். நிகரகுவாவில் பீன்ஸ், எத்தியோப்பியாவில் கோதுமை, இந்தியாவில் கோதுமை என்று 12,409 வயல்களில் இப்படிச் செய்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு ரகத்தை ஒரு மாநிலம் முழுவதற்கும் பரிந்துரைப்பதைவிட, அந்தந்த இடத்தின் வெப்பநிலைக்கும் மழைக்கும் ஏற்றபடி ரகங்களைப் பரிந்துரைத்தால் பலன் கூடுகிறது என்று அதில் தெரிந்தது.

நாங்கள் அந்த மூன்று பொட்டல முறையைச் சாமையில் செய்துபார்த்தோம். இரண்டு பல்கலைக்கழக ரகம், ஒன்று அவர்கள் மலையிலேயே வேறொரு நாட்டு ஊர்களில் இருந்து எடுத்த பழைய ரகம். கணவனிடம் தனியாகவும் மனைவியிடம் தனியாகவும் கேட்டோம், அதுதான் முக்கியம். ஆண்கள் தூர் எண்ணிக்கையையும் தட்டின் உயரத்தையும் சொன்னார்கள், மாட்டுக்குத் தட்டு வேண்டும் இல்லையா. பெண்கள் கதிரை உள்ளங்கையில் கசக்கி, ஊதி, அரிசி எவ்வளவு காணும் என்று பார்த்தார்கள். ஒரு பாட்டி மூன்று பொட்டலத்து அரிசியையும் தனித்தனியாகப் பொங்கி, மறுநாள் காலை பழைய சோற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். ஒன்று மறுநாளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டதாம், அது வேண்டாம் என்றார். மறுநாள் காலையில் கொல்லைக்குப் போகிறவர்கள் சாப்பிடுவது அந்தப் பழைய சோறுதான் என்னும்போது, எந்தச் சோதனைக்கூட அளவையும்விட அது பெரிய அளவை.

சரி, பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் விதை எங்கே கிடைக்கும்? இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் நின்றுபோகின்றன.

மக்காச்சோளத்துக்குக் கடையில் விதை கிடைக்கிறது, ஏனென்றால் வீரிய ஒட்டு விதையை வருஷா வருஷம் வாங்கியாக வேண்டும், கம்பெனிக்கு அதில் வியாபாரம் இருக்கிறது. சாமையும் கேழ்வரகும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்கிறவை. ஒருமுறை வாங்கினால் வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு நாலு, ஐந்து கிலோ விதை போதும். எந்த வியாபாரி இதற்காக மலை ஏறுவான்? அரசு விதைப் பண்ணைகள் நெல்லுக்கும் உளுந்துக்குமே திண்டாடுகின்றன. மலைக்கான சாமை விதை எல்லாருடைய பட்டியலிலும் கடைசி.

ஒரு வருஷம் ஓர் அலுவலகத்தில் இருந்து மினிகிட் என்ற சிறு விதைப் பைகள் வந்தன. நல்ல விதை, நல்ல ரகம். வந்தது ஆடி நடுவில். மலையில் விதைப்பு முடிந்து முதல் களையும் எடுத்துவிட்டார்கள். மருந்து கலந்த விதை என்பதால் கஞ்சிக்கும் ஆகாது. சில வீடுகளில் அந்தப் பைகள் திண்ணையிலேயே கிடந்தன. யாரோ ஒரு கிளார்க்கின் தவறு இல்லை இது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி, ஒப்புதல் வந்து, டெண்டர் முடிந்து, லாரி கிளம்பும்போது ஆடி ஆகிவிடுகிறது. ஆனி மழை அதற்காகக் காத்திருக்காது.

ஆனால் சாமையின் சின்ன விதைக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஒரு கிலோ விதை 20 சென்ட்டுக்குப் போதும். சுமாராக விளைந்தாலும் அறுபது, எழுபது கிலோ வரும். அதில் பாதியை விதைக்கு ஒதுக்கினால் அடுத்த வருஷம் ஆறு, ஏழு ஏக்கர். எனவே வளப்பூர் போன்ற ஒரு நாட்டுக்கு இருபது கிலோ தரமான விதை ஒருமுறை சரியான கையில் போய்ச் சேர்ந்தால் போதும். சரியான கை என்பது யார்? பெரிய நிலக்காரர் இல்லை, எங்கள் அனுபவத்தில் அது ஊருக்கே விதை கொடுத்துப் பழகிய வீடு. ஒவ்வொரு ஊரிலும் அப்படி இரண்டு, மூன்று வீடுகள் இருக்கின்றன. "வெதை இல்லன்னா அந்த வீட்ல கேளு" என்று எல்லாரும் கை காட்டுவார்கள். அந்த வீட்டுப் பெண்மணி கதிர் முற்றும்போது கொல்லைக்குள் நடந்து, தலை கனத்த கதிர்களைத் தனியாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொள்வார். அவருக்குப் பயிற்சி கொடுக்கப் போன இடத்தில் நாங்கள்தான் பாடம் கேட்டோம். நாங்கள் அவருக்குச் சொல்ல இருந்தவை இரண்டுதான்: வேறு ரகத்துச் செடி தெரிந்தால் பூக்கும்போதே கலவன் நீக்க வேண்டும், விதைப்புக்கு முன்னால் ஈரச் சாக்கில் நூறு விதையைச் சுருட்டி வைத்து முளைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பருவத்தில் பிடித்துக்கொண்டார்.

விதை வங்கி என்ற பெயரில் நடப்பது இந்த வீடுகளைச் சுற்றி ஒரு கணக்கு நோட்டு போடுவதுதான். ஒரு கிலோ வாங்கினால் அறுப்பில் இரண்டு கிலோ திருப்பித் தர வேண்டும். பயிர் போய்விட்டால் அடுத்த வருஷம் தரலாம். கணக்கை எழுதுவது பெரும்பாலும் பன்னிரண்டாவது படிக்கிற மகள்.

விதை விற்றால் வழக்கு வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001இன் 39ஆவது பிரிவு, விவசாயி தன் விளைச்சலில் இருந்து விதை எடுத்துவைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உரிமை தருகிறது, பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் சரி. பிராண்டுப் பெயர் போட்டுப் பாக்கெட் செய்து விற்கக் கூடாது, அவ்வளவுதான். இதை ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும் நான் வாய்விட்டுச் சொல்வேன்.

இப்போது நாங்கள் கேட்பது இதுதான். அரசு மானியத்தில் கொடுக்கிற சிறுதானிய விதையைச் சமவெளியில் வாங்கி மலைக்கு ஏற்றுவதற்குப் பதிலாக, ஆதார விதையாக, அதாவது சான்று விதையைப் பெருக்க எடுக்கும் மூல விதையாக, கொஞ்சம் மலைக்குழுக்களிடம் கொடுக்கட்டும். வெள்ளை அட்டை கட்டிய அந்த விதையை அவர்கள் பெருக்கட்டும். விதைச் சான்று அலுவலர் பூக்கும் பருவத்தில் ஒருமுறை, அறுப்புக்கு முன் ஒருமுறை மேலே வந்து பார்த்து, சான்று விதைக்கான நீல அட்டை கட்டட்டும். மாசியிலேயே அந்த விதையை நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டால், வைகாசிக்குள் அது மலையிலேயே வேறு ஊர்களுக்குப் போய்விடும். தானியத்தைவிட விதைக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கிடைத்தாலே மரவள்ளிக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் சாமையைத் தக்கவைக்க அது போதும் என்று அந்தக் குழுப் பெண்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். அவர்களுக்கு வந்திருக்கும் பெரிய ஆர்டர் எல்லாம் பெருநகரத்து இயற்கை அங்காடிகளில் இருந்துதான், அதுவும் சாமை அரிசிக்கு. விதைக்கு இன்னும் யாரும் வரவில்லை.

கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி, பச்சைமலைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் எனக்கு ஒரு விஷயம் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊரில் நீண்ட நாள் சாமை எந்த மாதம் விதைத்து எந்த மாதம் அறுக்கிறார்கள், நடுவில் மழை எப்போது அடைக்கிறது, முதல் விதைப்பு தவறினால் இன்றைக்கு என்ன போடுகிறார்கள். குறுகிய நாள் ரகத்தை எந்த ஊருக்கு எந்த மாதம் அனுப்பலாம் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறோம், கொல்லிமலைக்கு மட்டும்தான் இதுவரை நிரப்ப முடிந்திருக்கிறது.